காக்பிட்டில் யாருடைய கோட்டா?

இட ஒதுக்கீடு பற்றி எந்தக் கல்லூரியில் பேசப் போனாலும் கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயரும். கேள்வி எப்போதும் ஒன்றுதான். "கோட்டாவுல வந்த பைலட் ஓட்டுற ஃபிளைட்டுல நீங்க ஏறுவீங்களா சார்?" கேட்டுவிட்டு அந்தத் தம்பி பக்கத்திலிருப்பவனைப் பார்த்துச் சிரிப்பான். இதற்குப் பதில் கிடையாது என்பது அவன் நம்பிக்கை. அவன் அப்பாவும் இதே கேள்வியை மண்டல் காலத்தில் கேட்டிருப்பார்.

பதில் இருக்கிறது தோழர்களே. அதைச் சொல்வதற்கு முன்னால், இந்த நாட்டில் ஒருவர் எப்படி விமானி ஆகிறார் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கேள்வி கேட்கிறவனுக்கும் தெரியாது. பல வருடம் எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அந்தத் தெரியாமைக்கு ஒரு பையன் விலை கொடுத்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

வணிக விமானி உரிமம் வாங்க 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் (இந்த விதியைத் தளர்த்தலாமா என்று 2025இல் பேச்சு கிளம்பியது). மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும். டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளில், அதாவது வழிச்செலுத்தல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில், நூற்றுக்கு 70 எடுக்க வேண்டும். அந்த 70 எல்லோருக்கும் 70தான். பிறகு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்துக்குத் தானே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். இரவில் இறக்கிக் காட்ட வேண்டும். வெளியே எதுவும் பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டிக் காட்ட வேண்டும். கடைசியில் பரிசோதகரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பறக்க வேண்டும். இதில் எந்த இடத்திலும் சாதிச் சான்றிதழைக் காட்டி ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ள முடியாது.

உத்தரப்பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் ஒன்றிய அரசின் விமானப் பயிற்சி அகாடமி இருக்கிறது. இந்திரா காந்தி பெயரில் 1980களில் தொடங்கப்பட்டது. அங்கே சேர இட ஒதுக்கீடு உண்டு. பொதுப் பிரிவினருக்கு +2 பாடங்களில் 50 சதவீதம் வேண்டும் என்றால் நமக்கு 45. அந்த ஐந்து சதவீதமும் வாசல்படியோடு முடிந்துவிடுகிறது. உரிமம் வாங்கும்போது அதே 70, அதே 200.

ஆகவே 'கோட்டா பைலட்' என்று ஒரு ஆள் கிடையாது.

ஆனால் வேறொரு பைலட் உண்டு. 2011இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் கைது செய்யப்பட்டார்கள். ராஜஸ்தானில் ஒரு பயிற்சிப் பள்ளியில், பறக்காத மணி நேரங்களைப் பறந்ததாக லாக்புக்கில் எழுதிக்கொடுத்த விவகாரம் வெடித்தது. பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தவர்கள் அதில் இருந்தார்கள். அன்றைக்கு எந்தக் கடைசி வரிசையிலும் எந்தக் கையும் உயரவில்லை. "காசு கொடுத்துப் பாஸான பைலட் ஓட்டுற ஃபிளைட்டுல ஏறுவீங்களா சார்?" என்று ஒருவனும் கேட்கவில்லை. காசு கொடுத்து வாங்குவது இந்த நாட்டில் தகுதிக் குறைவு ஆகாது.

இப்போது காசு விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் உண்மையான கோட்டா இருக்கிறது.

200 மணி நேரம் பறக்க இன்றைக்கு நாற்பது, ஐம்பது லட்சம் ஆகிறது. அது உரிமத்துக்கு மட்டும். ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஓட்ட வேண்டுமானால் அந்த ரக விமானத்துக்கென்று தனிப் பயிற்சி. 'டைப் ரேட்டிங்' என்பார்கள். அதற்குத் தனியாகப் பல லட்சம். விமான நிறுவனங்களோடு சேர்ந்து நடத்தப்படும் கேடட் திட்டங்களில் போனால் ஒரு கோடியை நெருங்கும்.

ஐம்பது லட்சம் என்று வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள். பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வாங்கப் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அந்த உச்சவரம்பில் இருக்கும் குடும்பம் சாப்பிடாமல், துணி வாங்காமல், மருத்துவமனைக்குப் போகாமல் இருந்தால் 20 ஆண்டில் ஐம்பது லட்சம் சேரும். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025–26க்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். நூறு நாளும் வேலை கிடைத்தாலும் ஆண்டுக்கு 33,600. அந்த அம்மா தன் மகளைப் பைலட் ஆக்க ஏறத்தாழ 149 ஆண்டுகள் மண் சுமக்க வேண்டும்.

அரசு உதவி இல்லையா என்பார்கள். இருந்தது. அதன் லட்சணத்தைக் கேளுங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான 'உயர்தரக் கல்வி'த் திட்டத்தில் தனியார் ஃப்ளையிங் கிளப்பில் விமானிப் பயிற்சி பெறுவோருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 3.72 லட்சம் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஐம்பது லட்சத்துக்கு 3.72 லட்சம்! விமானம் எஞ்சினை ஓட்டிக்கொண்டு ஓடுபாதை முனைக்கு வந்து நிற்பதற்குள் தீர்ந்துபோகும் பணம் அது. பயனாளி வரமாட்டார் என்று தெரிந்தே எழுதப்பட்ட விதி. இப்படி ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு "உங்களில் யாரும் விண்ணப்பிக்கவில்லையே" என்று கைவிரிப்பது நமக்குப் புதிதல்ல.

சரி, வங்கிக் கடன். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கி அடமானச் சொத்து கேட்கும். நிலம், வீடு, ஏதாவது. இந்த இடத்தில்தான் வங்கி மேலாளரின் மேஜை மீது சாதி வந்து உட்காருகிறது. அவர் ஒரு வார்த்தை தப்பாகப் பேச வேண்டியதில்லை. "சொத்துப் பத்திரம் இருக்காப்பா?" என்று மரியாதையாகவே கேட்டால் போதும்.

எங்கள் பத்திரம் எங்கே போயிற்று? 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரமென்ஹீர், பறையர்களின் நிலைமையைப் பற்றி அறிக்கை எழுதினார். அதன் பிறகு 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கென்று நிலம் ஒதுக்கப்பட்டது. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கு. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த பஞ்சமி நிலத்தில் பெரும்பகுதி இன்றைக்கு யார் கையில் இருக்கிறது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 1994இல் காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். நிலத்தைப் பிடுங்கியவர்களின் பேரன் அந்த நிலத்தை அடமானம் வைத்து விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். பறிகொடுத்தவரின் பேரன் வந்தால் 'தகுதி' இல்லை. காக்பிட்டில் இருக்கும் கோட்டா இதுதான்.

இனி அந்தப் பையனின் கதை.

மரக்காணம் பக்கம் ஒரு சேரியில் நாங்கள் சிலர் மாலைப் பாடசாலை நடத்திக்கொண்டிருந்த காலம். 2014 என்று நினைவு. அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்த பையன். +2 இயற்பியலில் 200க்கு 190க்கு மேல் வாங்கியிருந்தான். உப்பளத்துக்கு மேலே விமானம் போனால் எந்தப் பக்கம் இறங்கப் போகிறது என்று சொல்வான். "அண்ணா, பைலட் ஆக என்ன படிக்கணும்?" என்று என்னிடம் கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "ஏரோநாட்டிக்கல் படி தம்பி, கலாம் அதுதான் படிச்சாரு" என்றேன்.

கலாம் அதைத்தான் படித்தார். குரோம்பேட்டை எம்ஐடியில். ஆனால் அவர் விமானி ஆகவில்லை. விமானப்படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து திரும்பினார். இதை அவரே எழுதியிருக்கிறார். எம்ஐடியில் சேரும் கட்டணத்துக்கு அவருடைய அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பதையும் எழுதியிருக்கிறார். கனவு காணச் சொன்னதை மட்டும் எல்லாப் பள்ளிச் சுவரிலும் எழுதினார்கள். வளையலை எந்தச் சுவரிலும் எழுதவில்லை. நானும் அந்தச் சுவரைப் படித்துவிட்டுத்தான் பையனுக்கு வழி சொன்னேன்.

அவன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். விளம்பரத்தில் பைலட் தொப்பி போட்ட படம். உள்ளே பழைய எஞ்சின் ஒன்றைப் பிரித்து வைத்திருந்தார்கள். மூன்றாம் ஆண்டில் ஒருநாள் போன் செய்தான். "அண்ணா, விமானத்தைச் செய்யறதுக்குத்தான் இந்தப் படிப்பாம். ஓட்டறதுக்கு வேறயாம். உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சந்தேகம் கேட்பதுபோலக் கேட்டான். இன்றைக்கு ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி.

அதனால்தான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன். ஊருக்கு ஊர் தனியார் கல்லூரிகள் 'ஏவியேஷன்' என்று பெயர் வைத்துப் பட்டங்கள் விற்கின்றன. பி.பி.ஏ. ஏவியேஷன், பி.எஸ்சி. ஏவியேஷன். எதுவும் கெட்ட படிப்பு என்று சொல்லவில்லை. ஆனால் விமானிப் பயிற்சி அதோடு சேர்ந்திருக்கிறதா, டிஜிசிஏ அங்கீகாரம் பெற்ற பள்ளியில் எத்தனை மணி நேரம் பறக்க விடுவார்கள் என்று கேட்காமல் முதல் தவணையைக் கட்டாதீர்கள். நாட்டில் விமானத் துறைக்கென்று ஒன்றிய அரசு 2013இல் சட்டம் போட்டு உருவாக்கிய ராஜீவ் காந்தி பல்கலைக்கழகமும் அதே ஃபர்சத்கஞ்சில்தான் இருக்கிறது. அங்கேயும் விமான நிலைய நிர்வாகம், சரக்குக் கையாளுதல் போன்ற படிப்புகள். பறப்பது பக்கத்து அகாடமியில், தனிக் கட்டணத்தில்.

நம் மாநில அரசு என்ன செய்கிறது? தாட்கோ மூலம் நம் பிள்ளைகளுக்கு விமான நிலையத் தரைப்பணி, டிக்கெட் பதிவு, கேபின் க்ரூ பயிற்சிகள் தருகிறார்கள். கட்டணத்தை தாட்கோவே ஏற்கிறது. ட்ரோன் இயக்கவும் பயிற்சி உண்டு. வேலை கிடைத்துப் போன தங்கைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேலையை நான் இழிவாகப் பேசவில்லை. ஆனால் பட்டியலைக் கவனியுங்கள். பெட்டியை எடை போடலாம். பயணிக்குத் தண்ணீர் கொடுக்கலாம். தரையில் நின்றுகொண்டு பொம்மையைப் பறக்க விடலாம். கதவைத் தாண்டி முன் இருக்கையில் உட்காரும் பயிற்சி மட்டும் பட்டியலில் இல்லை. சேரிப் பிள்ளைக்கு எவ்வளவு உயரம் போதும் என்பதை நல்லெண்ணத்தோடேயே யாரோ தீர்மானித்திருக்கிறார்கள்.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் வெளிநாட்டில் முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புக்கு 36 லட்சம் வரை இதே அரசு தருகிறது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். முதுநிலைக்கு முடிகிறது என்றால் விமானிப் பயிற்சிக்கும் முடியும். துணைத்திட்ட நிதியை முறைப்படுத்த 2024இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள். கேரளத்தில் 'விங்ஸ்' என்ற திட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளை அரசுப் பணத்தில் விமானிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரு கை விரலில் எண்ணிவிடலாம் என்றாலும் அனுப்பினார்கள். குஜராத்தில் 25 லட்சம் குறைந்த வட்டிக்குக் கடன். கடன் எனக்கு உடன்பாடில்லை. வேலை கிடைக்காத பைலட் ஊரில் மற்றவனைவிடப் பெரிய கடன்காரன். பாபாசாகேப்பை பரோடா சமஸ்தானம் 1913இல் கொலம்பியாவுக்கு அனுப்பியது கடன் கொடுத்தல்ல. படித்து வந்து பத்தாண்டு வேலை செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தில் உதவித்தொகை கொடுத்து அனுப்பியது. அப்படி ஒப்பந்தம் போடுங்கள், நம் பிள்ளைகள் கையெழுத்துப் போடுவார்கள்.

நான் கேட்பது இதுதான். எம்ஐடி வளாகம் அண்ணா பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கிறது. 1949 முதல் விமானப் பொறியியல் சொல்லிக்கொடுக்கும் இடம். அந்தப் பல்கலைக்கழகம் தமிழ்நாட்டின் ஏதாவதொரு சிறிய விமான நிலையத்தோடு சேர்ந்து உரிமத்துடன் கூடிய விமானிப் பட்டப்படிப்பைத் தொடங்கட்டும். 69 சதவீத இட ஒதுக்கீட்டோடு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களின் பறக்கும் மணி நேரச் செலவு முழுவதையும், டைப் ரேட்டிங் உட்பட, துணைத்திட்ட நிதி ஏற்கட்டும்.

நடக்காத காரியம் என்பவர்களுக்கு ஒரு வரலாறு. பெஸ்ஸி கோல்மன் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு அமெரிக்காவில் ஒரு பறக்கும் பள்ளியும் இடம் தரவில்லை. பிரெஞ்சு கற்றுக்கொண்டு பிரான்சுக்குப் போய் 1921இல் உரிமம் வாங்கினார். தனி ஒருவரின் வைராக்கியத்தால் ஒருவர் பறந்தார். மற்றவர்கள் தரையிலேயே நின்றார்கள். கறுப்பர்களுக்குப் போரிடும் அறிவும் துணிவும் குறைவு என்று 1925இல் அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி அறிக்கையே எழுதியது. 1939இல் அரசு பல்கலைக்கழகங்கள் வழியாக விமானிப் பயிற்சித் திட்டம் தொடங்கியபோதுதான் நிலைமை மாறியது. மாணவன் சின்னத் தொகை கட்டினால் போதும், மீதி அரசு. அதையும் சும்மா கொடுக்கவில்லை. கறுப்பினப் பத்திரிகைகள் எழுதின. அந்த ஆண்டு மே மாதம் இரண்டு கறுப்பின விமானிகள் சிகாகோவிலிருந்து ஒரு பழைய விமானத்தில் கிளம்பி, வழியில் பழுதாகி இறங்கி, மறுபடி கிளம்பி வாஷிங்டனுக்கே போய் அரசியல்வாதிகளைச் சந்தித்தார்கள். டஸ்கீகி, ஹோவர்ட், ஹாம்ப்டன் போன்ற கறுப்பினக் கல்வி நிலையங்களுக்கு அந்தப் பயிற்சி வந்தது. சில ஆண்டுகளில் டஸ்கீகியில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் ராணுவ விமானிகள் உருவானார்கள். அறிவு குறைவு என்று எழுதிய அறிக்கையை அதன் பிறகு யார் படித்தார்கள்?

ஆனால் போர் முடிந்ததும் தனியார் விமான நிறுவனங்கள் அவர்களை வேலைக்கு எடுக்கவில்லை. மார்லன் கிரீன் என்ற முன்னாள் விமானப்படை விமானி 1957இல் கான்டினென்டல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். அவரைவிட அனுபவம் குறைந்த வெள்ளையர்களுக்கு வேலை போயிற்று. உச்ச நீதிமன்றம் வரை போய் 1963இல் வென்றார். விமானத்தில் உட்கார்ந்தது 1965இல்.

பயிற்சி ஒரு கதவு. வேலை இரண்டாவது கதவு. நம் நாட்டில் இரண்டாவது கதவை 2022 ஜனவரியில் இன்னும் இறுக்கிச் சாத்தினார்கள். ஏர் இந்தியா பொதுத்துறையில் இருந்தவரை வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு என்ற சொல்லாவது இருந்தது. விற்ற பிறகு அதுவும் போயிற்று. இந்திய விமானிகளில் பெண்கள் சுமார் 15 சதவீதம், உலக சராசரியைவிடப் பல மடங்கு என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைதான். அந்த 15இல் நம் பெண்கள் எத்தனை பேர்? அந்தக் கணக்கை யாரும் வெளியிடுவதில்லை. தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்கும் நம் மேடைகளில் விமான நிறுவனங்களின் பெயர் வருவதே இல்லை. அது நம் தவறு.

இரண்டு கதவையும் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் செய்தி உண்டு. 2025 ஜூனில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பயிற்சி விமானி ஒருவர் ஒரு பெரிய தனியார் விமான நிறுவனத்தின் அதிகாரிகள் மீது பெங்களூருவில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தார். வழக்கு பிறகு குருகிராம் காவல்துறைக்குப் போனது. விமானம் ஓட்ட உனக்குத் தகுதியில்லை, போய்ச் செருப்புத் தை என்று தன்னைச் சொன்னார்கள் என்பது அவர் புகார். நிறுவனம் ஆதாரமற்றது என்று மறுத்தது. தீர்ப்பை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் கடைசி வரிசைத் தம்பி கேட்ட கேள்வியும் இந்தப் புகாரில் இருக்கும் வாக்கியமும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதை நான் மட்டும்தான் கவனித்தேனா?

அந்தச் செய்தியை எனக்கு முதலில் அனுப்பியது ஒரகடத்துப் பையன்தான். கீழே ஒரு வரி எழுதியிருந்தான். "திட்டினாங்களோ என்னவோ அண்ணா, அந்த ஆளு உள்ள வரைக்கும் போயிட்டாருல்ல." இரண்டு நாள் அதற்கு நான் பதில் போடவில்லை.

போன வாரம் அவனும் நானும் உட்கார்ந்து தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினோம். தாட்கோவுக்கும் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும். கடந்த பத்து ஆண்டுகளில் வணிக விமானிப் பயிற்சிக்கு எத்தனை பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு எவ்வளவு நிதி கொடுத்தீர்கள், எத்தனை விண்ணப்பங்களை என்ன காரணம் சொல்லி நிராகரித்தீர்கள், துணைத்திட்ட நிதியில் அதே ஆண்டுகளில் செலவழிக்காமல் திருப்பியது எவ்வளவு. இவ்வளவுதான். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். உங்கள் மாவட்டத்திலும் இதை எழுதிப் போடுங்கள், வரும் பதிலை எனக்கு அனுப்புங்கள். எங்கள் மனுவில் மனுதாரர் பெயர் அவனுடையது. படிப்பு என்ற இடத்தில் 'பி.இ. ஏரோநாட்டிக்கல்' என்று அவனே எழுதினான்.